தனிச்சொல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலதான் குடியிருக்கும். அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் "என்ன டீச்சர், ஒரு டாக்டரைப் போய் வகுப்புல வச்சு அப்படியா பேசறது"ன்னு யாரும் என்கிட்ட நியாயம் கேட்டுட்டு வரக்கூடாது.

சனிக்கிழமை காலையில நூலகத்து மாடியில பெரியவங்களுக்கு நான் யாப்பு சொல்லித் தர்றேன். பெரியவங்கன்னா வேலைக்குப் போறவங்க, வேலையை விட்டவங்க, வீட்டுல உக்கார முடியாதவங்க, எல்லாரும்தான். பேங்க்ல மேனேஜரா இருந்து ஓய்வு வாங்கின ஒரு அம்மா வர்றாங்க. "காய் முன் நேர்"னு நான் முதல் வாரம் சொன்னப்ப, "என்ன காய் டீச்சர், கத்திரிக்காயா?"ன்னு கேட்டு வகுப்பையே கவுத்தவங்க அவங்கதான். அப்புறம் ஒரு பல் டாக்டர். அவருக்கு வகுப்புல பட்டப்பேரு 'தளைவர்'. தலைவர் இல்லைங்க, ளகரம். யார் என்ன எழுதினாலும் எங்க தளை தட்டுதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு, கையைத் தூக்கிச் சொல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராது.

தளைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. வெண்பாவுல ஒவ்வொரு சீரையும் அசை அசையா வெட்டலாம். 'கண்'ணுன்னா ஒரு தட்டு, அது நேர். 'மலர்'னா புள்ளியை விட்டு ரெண்டெழுத்து சேர்ந்து ஒரு தட்டு, அது நிரை. ஒரு சீர் எப்படி முடியுதோ, அதைப் பொறுத்துதான் அடுத்த சீர் நேர்ல ஆரம்பிக்கணுமா நிரையில ஆரம்பிக்கணுமாங்கறது. மூணு அசையில, நேர்ல முடிஞ்சா அது காய், அதுக்கப்புறம் நேர்; ரெண்டே அசையில, நேர்ல முடிஞ்சா அது மா, அதுக்கப்புறம் நிரை. ரயில் பெட்டி ரெண்டுக்கும் நடுவுல ஒரு கொக்கி இருக்குமே, அந்த மாதிரி. அந்தக் கொக்கிதான் தளை. மாட்டலைன்னா 'தளை தட்டுது'ன்னு சொல்வோம். வெண்பாவுல ஒரு இடத்துல தட்டினாக்கூட அது வெண்பாவே இல்லை. அவ்வளவு கறார்.

அன்னைக்கு நான் கொண்டுவர வேண்டிய நகல் தாளெல்லாம் மெஷின் மென்னு துப்பிடுச்சு. சரி போகட்டும்னு, நான் கண்ணை மூடிட்டு எழுதக்கூடிய ஒரே வெண்பாவைப் பலகையில எழுதினேன். எங்க வீட்டுச் சுவர்ல தொங்கற வெண்பா. நான் பிறந்தப்ப எங்கப்பா எழுதினது. எங்கம்மா அதைப் பச்சைத் துணியில நூல் வச்சுத் தைச்சு, சட்டம் போட்டு மாட்டியிருந்தாங்க. எத்தனை வீடு மாறியிருப்போம்! ஒவ்வொரு வீட்டுலயும் முதல்ல ஆணி அடிக்கறது அதுக்குத்தான்.

எங்கிருந்து வந்தாய் இளநிலவே என்வீட்டில்
மங்காத பொன்னே மனங்குளிர்ந்தேன் – மகளே
தனியே கிடந்தவன் தந்தேன் மடியில்
இனிப்பாதி என்றும் உனக்கு

சின்ன வயசுல இதைப் படிச்சுட்டு, "பாதி மடி எனக்குன்னா, மீதிப் பாதி யாருக்குப்பா?"ன்னு கேப்பேன். "எனக்குத்தான்"ம்பாரு அவரு. "உங்க மடியில நீங்களே எப்படி உக்காருவீங்க?"ன்னு நான் உருண்டு உருண்டு சிரிப்பேன். அம்மாவும் சிரிப்பாங்க. எங்க வீட்டுல ரொம்ப நாள் ஓடின நகைச்சுவை அது.

அப்பாவைப் பத்திச் சொல்லணும். ஒரு பத்திரிகையில ப்ரூஃப் பாக்கற வேலை. வேலைன்னா என்ன, பிறவிக்குணம். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுக்கறவங்க எதிர்லயே சிவப்பு பேனாவை எடுத்து ஒற்று போடுவாரு. லிஃப்ட்ல ஒட்டியிருக்கற அறிவிப்பைத் திருத்துவாரு. இருமல் மருந்து சீட்டைத் திருத்துவாரு. நான் பள்ளிக்கூடத்துல படிச்சப்ப அவரோட பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தேன். படிச்சாரு, கண்ணு கலங்கிச்சு, அப்புறம் "மூணாவது சீர்ல தளை தட்டுதும்மா"ன்னாரு. நான் ரெண்டு நாள் அவரோட பேசலை. அப்படிப்பட்ட மனுஷன்.

பாக்க வயசே தெரியாது. என் கல்யாண ஆல்பத்தைப் பாத்தவங்கள்ல பாதிப்பேரு "இது உங்க அண்ணனா?"ன்னு கேட்டிருக்காங்க. நான் பெருமையா, "எங்கப்பாங்க!"ன்னு சொல்வேன். அப்பா மட்டும் அந்த நேரம் பாத்து எழுந்து தண்ணி குடிக்கப் போயிடுவாரு. கூச்சம்னு நினைச்சுக்குவேன்.

சரி, வகுப்புக்கு வர்றேன். நான் எழுதி முடிச்சு மார்க்கரை மூடக்கூட இல்லை. தளைவர் கை மேல போயிடுச்சு.

"டீச்சர், ரெண்டாவது அடியில தளை தட்டுது."

"தட்டாது டாக்டர்."

"இல்லை டீச்சர், மனங்குளிர்ந்தேன்..."

"டாக்டர், இது எங்கப்பா எழுதினது. அவருக்குத் தூக்கத்துலகூடத் தளை தட்டாது. குறட்டை விட்டாலும் வெண்பாவுலதான் விடுவாரு. நீங்க யாப்புக்கு வந்தே ரெண்டு மாசம்தான் ஆச்சு. பல்லுல சொத்தை தேடற மாதிரி எல்லாத்துலயும் தேடாதீங்க."

அவரு கொஞ்சம்கூட அசையலை. "அப்பா எழுதினாலும் காய் காய்தானே டீச்சர்"னாரு, ரொம்பப் பணிவா.

எனக்கு ஏறிடுச்சு. மனுஷனை வாயடைக்க வச்சுட்டுத்தான் மறுவேலைன்னு, மார்க்கரைத் திறந்து சீர் சீரா வெட்ட ஆரம்பிச்சேன். எங்/கிருந்/து. காய். அடுத்து நேர் வரணும், வந்/தாய், வந்துடுச்சு. வந்தாய் மா. அடுத்து நிரை, இள/நில/வே, வந்துடுச்சு. முதல் அடி சுத்தம். ரெண்டாவது அடி. மங்/கா/த. பொன்/னே. மனங்/குளிர்ந்/தேன். காய். அடுத்து நேர்ல ஆரம்பிக்கணும்.

மக/ளே.

'மக'ன்னா நிரை. காய் முன் நிரை. கலித்தளை. வெண்பாவுக்குள்ள எது வந்தாலும் மன்னிக்கலாம், இது வாசப்படியைக்கூட மிதிக்கக்கூடாதுன்னு போன வாரம் நானே இதே பலகையில எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மறுபடி வெட்டினேன். அதேதான். மூணாவது தடவையும் வெட்டினேன், மாறலை. இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பாக்கறேன், ஊர்ல இருக்கற பாட்டையெல்லாம் அலகிட்டிருக்கேன், இதை ஒரு தடவைகூட வெட்டிப் பாத்ததில்லை. சொந்தப் பேரை யாராவது அலகிடுவாங்களா? தலையில நங்குன்னு குட்டின மாதிரி இருந்துச்சு.

"தளை மட்டும் இல்லை போலிருக்கே டீச்சர்"னு பேங்க் அம்மா மெதுவா ஆரம்பிச்சாங்க. "எங், மங்... ரெண்டு அடியும் ரெண்டாவது எழுத்து ங். அப்ப கோடு போட்டுத் தனியா நிக்குதே, அந்தத் தனிச்சொல்லும் அதே எதுகையிலதானே வரணும்? மகளே எங்கேருந்து வந்துச்சு?"

"நான் சொல்லட்டுமா?"ன்னாரு தளைவர். "இது யாரோ பின்னாடி அடைச்சது. பல்லு ஒரு நிறமா இருக்கு, அடைப்பு ஒரு நிறமா இருக்கு பாருங்க. மத்த எல்லாச் சீரும் ஒரே கை. இது மட்டும் வேற கை."

அவ்வளவுதான், வகுப்புக்குக் குஷி வந்துடுச்சு. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆளாளுக்கு ஒரு சொல்லை வீசறாங்க. யாரோ "கண்ணே"ன்னாங்க. தளை சரி, எதுகை போச்சு. யாரோ "சங்கே"ன்னாங்க. குழந்தையைப் போய் யாராவது சங்கேன்னு கூப்பிடுவாங்களா? எல்லாரும் சிரிக்கறாங்க. நான் மட்டும் சிலை மாதிரி நின்னுட்டிருக்கேன்.

"தங்காய்!"னு கத்தினாங்க பேங்க் அம்மா. "தங்கையைக் கூப்பிட்டா தங்காய்தானே டீச்சர்? போன மாசம் விளி நடத்தினப்ப நீங்கதானே சொன்னீங்க!"

தங்/காய். நேர் நேர். எதுகை ங். மனங்குளிர்ந்தேன் தங்காய். கொக்கி டக்குன்னு மாட்டிச்சு. வகுப்புல கைதட்டினாங்க. தளைவர் எழுந்து நின்னு பேங்க் அம்மாவுக்குக் கும்பிடு போட்டாரு.

என் முகத்துல ஈயாடலை. "இன்னைக்கு இது போதும்"னு சொல்லிட்டுப் பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். மார்க்கரைக் கையிலயே வச்சுட்டுப் படி இறங்கியிருக்கேன், பஸ்ல ஏறி உக்காந்தப்பதான் பாத்தேன்.

பஸ்ல எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சம் இல்லை. புரிஞ்சு போச்சே! அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கா. அவளுக்கு எழுதின பாட்டு. அப்புறம் நான் பிறந்ததும், புதுசா எழுத சோம்பேறித்தனம், பழசுல ஒரே ஒரு சொல்லை மாத்தி என் தலையில கட்டியிருக்காரு. இவ்வளவு நாள் எனக்கே எனக்குன்னு நான் மார்தட்டிட்டிருந்தது இன்னொருத்தி போட்டுக் கழிச்ச சட்டை. என்கிட்ட நகை இல்லை, நிலம் இல்லை. எனக்குன்னு ஒருத்தர் உக்காந்து யோசிச்சு எழுதின நாலு அடி இருக்குன்னு ஒரு திமிர் இருந்துச்சு. அதுவும் போச்சா?

அப்புறம் அந்த அத்தை எங்க? அதை யோசிக்க யோசிக்க இன்னும் எரிஞ்சுது. எங்க வீட்டுக்குச் சொந்தம்னு ஒரு ஈ காக்கா வந்தது கிடையாது. கேட்டா, "எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க"ம்பாரு. சண்டை போட்டுத் துரத்தியிருப்பாரு, யாருக்குத் தெரியும். அவ எங்கயோ உயிரோட இருக்கா, அவ பாட்டு எங்க சுவர்ல தொங்குது, அவளுக்கே தெரியாது. முன்பின் தெரியாத அந்த அத்தைக்காக வேற நான் பஸ்ல உக்காந்து மூக்கைச் சிந்தினேன்.

அம்மா போனதுக்கு அப்புறம் அப்பா தனியாத்தான் இருக்காரு, மூணாவது மாடியில, ரெண்டு அறை வீடு. என்கிட்டயும் ஒரு சாவி இருக்கு. கதவைத் திறந்துட்டு உள்ள போனா, ஜன்னலோரம் நாற்காலி போட்டு, பேப்பரை விரிச்சு, சிவப்பு பேனாவும் கையுமா உக்காந்திருக்காரு. அவருக்குச் சம்பளம் கொடுக்கறதை அந்தப் பேப்பர் நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு.

"வாம்மா. முதல் பக்கத்துலயே ஒற்று விட்டிருக்கான் பாரு, படுபாவி"ன்னாரு.

நேரா போய், ஹால் சுவர்ல இருந்த சட்டத்தைக் கழட்டி, அவரு விரிச்சு வச்சிருந்த பேப்பர் மேலயே டப்புன்னு வச்சேன்.

"இது யாருக்கு எழுதினது?"

"என்னம்மா கேள்வி இது. உனக்குத்தான்."

"பொய் சொல்லாதீங்கப்பா. காய் முன் நிரை வருது. மனங்குளிர்ந்தேன், மகளே. கலித்தளை. உங்களுக்குத் தெரியாதா? நான் சின்னப்புள்ளையா ஒரு வாழ்த்து எழுதிக் கொடுத்தப்ப விட்டீங்களா நீங்க? இங்க இருந்தது தங்காய். யாரு அந்தத் தங்கச்சி? எங்க இருக்கா? என்ன சண்டை? அவ பாட்டைப் பிடுங்கி எனக்குக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அப்பா பேனாவை மூடினாரு. மூடி சரியா மாட்டலை, மறுபடி மூடினாரு. அவரு முகம் வெளுத்துடுச்சு. ஆனாலும் நான் விடலை.

"சொல்லுங்கப்பா. எனக்கு ஒரு அத்தை இருக்காளா இல்லையா?"

"இல்லை."

"அப்ப தங்கச்சி யாரு?"

அவரு அந்தச் சட்டத்தையே பாத்துட்டிருந்தாரு. கண்ணாடி மேல இருந்த தூசியை விரலால துடைச்சாரு. "எனக்கு ஒரே ஒரு தங்கச்சிதான்"னாரு. "நீதான்."

எனக்குக் காது கேக்கலைன்னு நினைச்சேன். அப்புறம் சிரிச்சேன்னு நினைக்கறேன், ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு என்கிட்ட இருந்து. பக்கத்துல இருந்த ஸ்டூலைக் கையால தேடிப் பிடிச்சு உக்காந்தேன்.

"என்ன சொல்றீங்க?"

"நீ பிறந்தப்ப எனக்கு வயசு பதினெட்டு. அவ்வளவு நாள் நான் ஒத்தைப் பிள்ளை. தனியே கிடந்தவன்னு எழுதியிருக்கேனே, அது சும்மா அழகுக்குப் போட்டதில்லை. நீ வயித்துல இருக்கறப்பவே நம்ம அப்பா லாரி விபத்துல போயிட்டாரு. நீ பிறந்து நாலாவது மாசம் நம்மளைப் பெத்த அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. இந்தப் பாட்டு நீ பிறந்த வாரம் எழுதினது. அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒரு பக்கத் தொடையில உன்னைப் போட்டுக்கிட்டு, இன்னொரு பக்கம் என் தலையை இழுத்து வச்சுக்கிட்டுக் கேட்டாங்க."

பாதி மடி. மீதிப் பாதி யாருக்குப்பா? எனக்குத்தான். அடக் கடவுளே. அந்த மனுஷன் ஒரு நாளும் நகைச்சுவை சொல்லலை. நான் கேட்ட கேள்விக்குப் பதிலைத்தான் சொல்லியிருக்காரு.

"அப்புறம் சொந்தக்காரங்க கூடினாங்க"ன்னாரு. "பிள்ளையில்லாத ஒரு வீட்டுக்கு உன்னைக் கொடுத்துடலாம்னு பேசினாங்க. நல்லவங்கதான், கெட்டதா நினைக்கலை. பதினெட்டு வயசுப் பையன் கைக்குழந்தையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்னு கேட்டாங்க. உன்னைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். அச்சகத்துல வேலை கிடைச்சுது. நான் வேலைக்குப் போறப்ப உன்னை எதிர்வீட்டுல விட்டுட்டுப் போவேன். அங்க ஒரு பொண்ணு இருந்தா. தையல் வேலை பாக்கறவ."

"அம்மா"ன்னேன் நான்.

"ம்."

"அம்மா எனக்கு அம்மா இல்லையா?" கேக்கறப்பவே எனக்குப் பதில் தெரிஞ்சு போச்சு. அந்த உறவுக்கு ஒரு பேரு இருக்கு. அண்ணி. என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி, காய்ச்சல்னா ராத்திரி பூரா விசிறி, என் பிரசவத்துல என் கையை உடையற மாதிரி பிடிச்சுட்டு நின்னவங்க எனக்கு அண்ணி. என் புருஷன் மாமனார்னு பயந்து பயந்து பேசறது மச்சான்கிட்ட. என் பையன் 'தாத்தா, தாத்தா'ன்னு தோள்ல ஏறி மிதிச்சது தாய்மாமனை. குடும்பத்துல ஒரு ஆளுக்காவது சரியான முறை இருக்கா? ஒரு சொல்லைத் தொட்டதும் வரிசையா அத்தனையும் சரிஞ்சுது.

"ஏன் சொல்லலை?"ன்னு கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். "இத்தனை வருஷம்! ஒரு கமா தப்பா இருந்தா உங்களால சோறு திங்க முடியாது. என் பிறப்பையே தப்பா எழுதி வச்சுட்டு எப்படி இருந்தீங்க?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்"னாரு. குரல் உடைஞ்சுடுச்சு. "நீ பேச ஆரம்பிச்சதும் அண்ணான்னு சொல்லித் தரணும்னு இருந்தேன். ஒரு நாள் வேலை முடிச்சு வந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டறேன், நீ தவழ்ந்து வந்து என் காலைப் பிடிச்சுட்டு 'அப்பா'ங்கற. யாரும் சொல்லித் தரலை. பக்கத்து வீட்டுக் குழந்தைங்க அவங்கவங்க அப்பாவைக் கூப்பிடறதைக் கேட்டுப் பிடிச்சிருக்க. திருத்தணும்னு வாயைத் திறந்தேன். வார்த்தை வரலை. என் வாழ்க்கையில நான் திருத்தாம விட்டது அது ஒண்ணுதான். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு நினைக்கறப்பல்லாம், நீ 'அப்பா'ன்னு கூப்பிட்டுட்டே உள்ள வருவ."

நான் சட்டத்தைப் பாத்தேன். பச்சைத் துணி, பழுப்பு நூல், அம்மா கை. "இந்தச் சொல்லை மாத்தினது நீங்களா?"

"நானா? நான் மாத்தியிருந்தா மொத்தப் பாட்டையும் தளை தட்டாம மாத்தியிருப்பேனே." அந்த நேரத்துலயும் அவருக்கு ரோஷம் வந்துச்சு. "கல்யாணம் பேசி முடிச்ச வாரம். நான் எழுதி வச்சிருந்த பாட்டை அவ கேட்டு வாங்கிட்டுப் போனா. தைச்சுக் கொண்டுவந்து கொடுத்தா. பாத்தா, தங்காய் இருந்த இடத்துல மகளே. எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. 'என்ன இது, எழுத்துப் பிழை விட்டுட்டியே, தளை தட்டுது'ன்னேன். அவளுக்குத் தளைன்னா என்னன்னே தெரியாது. ஆனா நான் என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுது. உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு என்னை நேரா பாத்து, 'தட்டட்டும்'னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை சொல்லலை. நீயும் நானும் இப்ப இருக்கறதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில இருக்கறதுதான்."

கீழே தெருவுல யாரோ வண்டியைப் பின்னால எடுத்தாங்க, அது பீப் பீப்னு கத்திட்டே இருந்துச்சு. எனக்குக் கோபம் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை. பயம்தான் இருந்துச்சு. காலையில வீட்டை விட்டுக் கிளம்பறப்ப எனக்கு ஒரு அப்பா இருந்தாரு. எதிர்ல ஒரு வயசான ஆளு உக்காந்து, என் முகத்தையே பாத்துட்டிருக்காரு. பரீட்சை எழுதிட்டு மார்க்குக்குக் காத்திருக்கறவங்க அப்படித்தான் பாப்பாங்க.

"இனிமே என்னை எப்படிக் கூப்பிடுவ?"ன்னு கேட்டாரு.

அந்தக் கேள்வி அவருக்கு எவ்வளவு நாளா தொண்டையில இருந்திருக்கும்! பையில இருந்த போன் டிங்குன்னுச்சு, எடுத்துப் பாத்தேன். வகுப்புக் குழுவுல தளைவர் எழுதியிருந்தாரு. 'டீச்சர், நான் அதிகப்பிரசங்கித்தனமாப் பேசியிருந்தா மன்னிச்சுடுங்க. அப்பாவைக் கேட்டீங்களா? சரியான பாடம் தங்காய்தானே?' கீழே பேங்க் அம்மா மூணு பூ போட்டிருந்தாங்க.

நான் பதில் எழுதினேன். எழுதினதை அப்பாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். "இல்லை டாக்டர். மகளேதான் சரியான பாடம். தளை தட்டும். தட்டட்டும்."

அவரு வாயைப் பொத்திக்கிட்டாரு. தோள் ரெண்டும் குலுங்கிச்சு. நான் பக்கத்துல போய் நின்னேன். எப்பவும் போல, "அழாதீங்கப்பா, மாத்திரை போட்டீங்களா?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டினாரு. அந்த 'அப்பா'வைக் கேட்டதும் உயிர் வந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாரு. சிவப்பு பேனாவை எடுத்துச் சட்டைப்பையில குத்திக்கிட்டாரு. சட்டத்தைத் தூக்கிட்டு எழுந்தாரு.

"குடுங்க, நான் மாட்டறேன்."

"நீ சாய்வா மாட்டுவ"ன்னு சொல்லிட்டு, நான் உக்காந்திருந்த அந்த ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு, மேல ஏறினாரு. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டைன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆணியைத் தேடிக் கையைத் தூக்கினாரு. ஸ்டூல் ஒரு பக்கமாச் சாஞ்சுது. ஓடிப் போய் ரெண்டு கையாலயும் ஸ்டூலைப் பிடிச்சேன்.

"அண்ணா, பாத்து!"

என் வாயிலருந்துதான் வந்துச்சு. நான் சொல்லணும்னு சொல்லலை, சத்தியமா. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. கையை எடுக்கவும் முடியலை, நிமிந்து பாக்கவும் பயமா இருந்துச்சு. மேல ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. இவருக்கு இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. அவ பிறந்த வாரமே அவளுக்குப் பாட்டு எழுதி வச்சுட்டு, அவ வாயால ஒரு தடவை அண்ணான்னு கேக்கக் காத்திருந்த பையன் இவரு. அவளைத் தக்க வச்சுக்கறதுக்காக அந்த ஒரு சொல்லை விட்டுக் கொடுத்திருக்காரு. இன்னைக்கு வரைக்கும் கூடப்பிறந்தவன்னு ஒரு ஆளு இவரை அண்ணான்னு கூப்பிட்டதில்லை. எனக்கு அப்பா இல்லாமப் போயிடுவாரோன்னு மட்டும்தான் நான் பயந்துட்டிருந்தேன்.

மெதுவா நிமிந்து பாத்தேன். முதுகைக் காட்டிட்டு நின்னாரு. சட்டம் ஆணியில மாட்டியிருந்துச்சு, கொஞ்சம் சாய்வாத்தான் இருந்துச்சு. அதை நேராக்கணும்னு அவருக்குத் தோணலை. சுவரைப் பாத்தபடியே, சின்னப் பையன் மாதிரி ஒரு குரல்ல கேட்டாரு.

"இன்னொரு தடவை சொல்லேன்."